கூலி குறைவா இருந்தா தொழில் வந்துடுமா? ஒரு டி-ஷர்ட்டை வச்சுக் கணக்குப் பார்ப்போம்

வணக்கம். இன்னைக்கு விருதுநகர் பக்கத்துல இருந்து வந்த ஒரு கேள்வி. அப்படியே படிக்கறேன்: "எங்க மாவட்டத்துல குமாரலிங்கபுரத்துல மத்திய அரசோட பி.எம். மித்ரா திட்டத்துல பெரிய ஜவுளிப் பூங்கா வருது. ஆயிரம் ஏக்கருக்கு மேல நிலம் இருக்கு. கூலி திருப்பூரை விடக் குறைவு, தூத்துக்குடி துறைமுகமும் பக்கம். அப்ப தொழில் தானா வந்து சேர்ந்துடும்தானே? திருப்பூருக்கு மட்டும் அப்படி என்ன விசேஷம்?"

நல்ல கேள்விங்க. ஒரு ஊரு ஏன் முன்னேறுது, ஒரு நாடு ஏன் போட்டியில நிக்குதுன்னு கேட்டாலும் இதே கேள்விதான், அளவுதான் வேற. அதனால திருப்பூரை வச்சே பேசிடறேன்.

முதல்ல கூலி. எல்லாரும் முதல்ல பிடிக்கறது அதைத்தான். சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஒண்ணை எடுத்துக்கோங்க. தோள் இணைக்கணும், கழுத்துக்கு ரிப், அதாவது இழுத்தா நீளற பின்னல் பட்டை, வைக்கணும், கை ஏத்தணும், சைடு அடிக்கணும், கீழே மடிச்சு அடிக்கணும். ஒவ்வொரு வேலைக்கும் ஆகற நேரத்தைக் கூட்டினா எட்டு நிமிஷம்னு வச்சுக்குவோம். கம்பெனியில இதை 'சாம்'னு சொல்லுவாங்க. ஒரு லைன்ல 20 டெய்லர், எட்டு மணி நேர ஷிப்ட், அதாவது ஆளுக்கு 480 நிமிஷம். மொத்தம் 9,600 நிமிஷம். எட்டால வகுத்தா 1,200 பீஸ். இது நூத்துக்கு நூறு கணக்கு, எந்த லைனும் இதைத் தொடாது. நல்லாப் பழகின லைன் 65 சதவீதம் கொடுக்குது, 780 பீஸ்னு வைங்க. புது ஊர்ல புது ஆளுங்களை வச்சு ஓட்டற லைன் 45 சதவீதம், அதாவது 540 பீஸ்.

இப்பக் கூலியைப் போடுங்க. கணக்குக்காகத்தான் சொல்றேன்: பழகின ஊர்ல நாளைக்கு 600 ரூபா, புது ஊர்ல 450. அங்க 12,000 ரூபாயை 780-ஆல வகுத்தா பீஸுக்கு 15 ரூபா 38 காசு. இங்க 9,000 ரூபாயை 540-ஆல வகுத்தா 16 ரூபா 67 காசு. கூலி கால்வாசி குறைச்சல், ஆனா பீஸுக்கு ஒண்ணேகால் ரூபா கூடுதல் செலவு. கட்டட வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், கரண்டு, பேங்க் வட்டி இதெல்லாம் 780 பீஸ் மேல விழறதுக்குப் பதிலா 540 மேல விழும். அதை நான் சேர்க்கவே இல்லை.

அந்த 45 எதனால வருதுன்னா, ஆளுங்க சோம்பேறின்னு அர்த்தம் இல்லை. லைன்ல ஒரே ஒரு இடம் அடைச்சுக்கும், பெரும்பாலும் கழுத்து ரிப் வைக்கிற இடம். மத்தவங்க எத்தனை வேகமா அடிச்சாலும் அந்த ஒரு மெஷின் விடற அளவுதான் வெளியில வரும். இன்னொண்ணு, ஸ்டைல் மாறின முதல் ரெண்டு நாள். மூணாவது மெஷின் ரிப்பேர். பிளாட்லாக்னு ஒரு தையல் மெஷின்ல, அடிநூலைக் கோக்கற லூப்பர்ங்கற பாகத்தோட முனை போச்சுன்னா திருப்பூர்ல பையனை வண்டியில அனுப்பினா அரை மணி நேரத்துல வேற லூப்பர் வந்துடும், செட்டிங் பண்ற மெக்கானிக்கும் பக்கத்துத் தெருவுலயே இருப்பார். தனியா ஒரு ஊர்ல இருக்கற கம்பெனிக்கு அது கூரியர்ல வரணும். அந்த ஒரு நாள் இருபது பேர் உட்கார்ந்திருப்பாங்க, கூலி ஓடிக்கிட்டே இருக்கும்.

சரி, தையலை விடுங்க. திருப்பூரோட உண்மையான பலம் தையலுக்கு முன்னாடி நடக்கறதுல இருக்கு. பத்தாயிரம் பீஸ் ஆர்டர்னா சுமாரா ரெண்டு டன் துணி. நூல் ஒருத்தர்கிட்ட வாங்கணும், நூலைத் துணியாப் பின்னற நிட்டிங் இன்னொருத்தர், சாயம் இன்னொருத்தர், துணி அப்புறம் சுருங்காம அழுத்தி எடுக்கற காம்பேக்டிங் இன்னொருத்தர். அப்புறம் கட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய கம்பெனிகள் எல்லாத்தையும் உள்ளயே வச்சிருக்காங்க, ஆனா ஊரோட பாதி உயிர், இப்படி ஒவ்வொரு வேலையையும் அடுத்தவங்களுக்காகக் கூலிக்குச் செஞ்சு கொடுக்கற ஜாப் ஒர்க்லதான் ஓடுது.

இதுல என்ன தப்பு நடக்கும்னு ஒண்ணு சொல்றேன். பாடி துணியும் கழுத்து ரிப்பும் ஒரே சாய லாட்ல போகணும். ரிப் பத்துக் கிலோ குறைஞ்சு போச்சுன்னு அப்புறமாத் தனியாச் சாயம் போட்டா, ஒரே ரெசிப்பியா இருந்தாலும் ஷேடு நூலிழை மாறும். வெயில்ல வச்சுப் பார்த்தா கழுத்து வேற, உடம்பு வேறன்னு தெரியும். ஆர்டர் கொடுத்த பையர் ரிஜெக்ட் பண்ணிடுவான். திருப்பூர்ல அன்னைக்கு ராத்திரியே சாயப்பட்டறை மாஸ்டர்கிட்ட நேர்ல போய், துண்டைக் கையில வச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் நீலம் ஏத்துங்கன்னு சொல்லி மறுநாள் எடுத்துட்டு வந்துடலாம். துவைச்சா சுருக்கம் அஞ்சு சதவீதத்தைத் தாண்டுதா? அதே டெம்போவுல திருப்பி அனுப்பி மறுபடி காம்பேக்டிங் போடலாம். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற கம்பெனிக்கு இந்த ஒவ்வொரு தப்பும் ரெண்டு மூணு நாள். கப்பல் தேதி போச்சுன்னா விமானத்துல அனுப்பணும், அந்தச் செலவு ஏற்றுமதி பண்றவர் தலையில. அந்த ஆர்டர்ல இருந்த லாபம் அங்கேயே முடிஞ்சுது.

இந்த நெருக்கத்தை எந்த அரசாங்கமும் மானியமாக் கொடுக்க முடியாது. வரிச்சலுகையால ஒரு கம்பெனியைக் கூட்டிட்டு வரலாம். லூப்பர் விக்கிற கடைக்காரரை வரவைக்கிறது, அந்த ஊர்ல ஐநூறு பிளாட்லாக் மெஷின் ஓடுற அன்னைக்குத்தான்.

இப்படிச் சொன்னா திருப்பூரை யாராலும் அசைக்க முடியாதுன்னு ஆயிடும். அப்படியும் இல்லை. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச்சு. சங்கிலியில ஒரே ஒரு கண்ணிதான் அறுந்துது. ஊரே நின்னு போச்சு. வெளிமாநிலத்துக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டு வரவைக்க வேண்டிய நிலைமை.

ஏன் அந்த நிலைமை வந்துதுன்னு புரியணும்னா உப்பைப் பார்க்கணும். பருத்திக்குப் போடற ரியாக்டிவ் சாயம் நூல்ல ஏறணும்னா உப்பு வேணும். அடர்த்தியான கலருக்கு லிட்டருக்கு 60 கிராம், அதுக்கு மேலயும் போகும். நூறு கிலோ துணி, கிலோவுக்கு எட்டு லிட்டர்னு தண்ணி எடுத்தா 800 லிட்டர். அறுபது கிராம் கணக்குல 48 கிலோ உப்பு. துணியோட எடையில கிட்டத்தட்டப் பாதி! இந்த உப்பு துணியில ஒட்டறதே இல்லை, வேலை முடிஞ்சதும் முழுசாச் சாக்கடைக்குப் போகுது. பாக்டீரியாவை வச்சுச் சுத்தம் பண்ற சாதாரணச் சுத்திகரிப்பு இந்த உப்பைத் தொடவே தொடாது. அதுதான் வருஷக்கணக்கா நொய்யல் ஆத்துல இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில தேங்கிச்சு. விவசாயத்துக்குன்னு கட்டின அணையில தேங்கின தண்ணியால விவசாயமே கெட்டுது. விவசாயிங்க நீதிமன்றம் போனாங்க. திருப்பூரோட விலை மலிவா இருந்ததுல ஒரு பகுதி, சரியாச் சொன்னா, அந்த ஆத்தங்கரை விவசாயி கொடுத்த பணம்.

அதுக்கு அப்புறம் வந்ததுதான் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறை. பாக்டீரியாச் சுத்திகரிப்பு முடிஞ்ச தண்ணியை ஆர்.ஓ. வடிகட்டியில விட்டா பெரும்பகுதி நல்ல தண்ணியாத் திரும்பிடும். மிச்சம் இருக்கற உப்புக் கரைசலைத்தான் எவாப்பரேட்டர்ல காய்ச்சி உப்பாப் பிரிக்கணும். தடுமாறினது இந்தக் கடைசிக் கட்டத்துல. குழாய் உள்பக்கம் படிவு ஏறும், விறகும் கரண்டும் தின்னும், கலப்பு உப்பு மூட்டை மூட்டையாச் சேரும். மாநில அரசு 200 கோடி ரூபா வட்டியில்லாக் கடன் கொடுத்து, படிப்படியா நிலையங்கள் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. செலவு கூடினது உண்மை. ஆனா இன்னைக்கு ஐரோப்பிய பையர் கழிவுநீர் எங்க போகுதுன்னு முதல் மீட்டிங்லயே கேட்கறப்ப, நேராப் பதில் சொல்ல முடியற ஊர்கள் ரொம்பக் கம்மி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சாயப்பட்டறைகளுக்குத் தண்ணி இல்லைன்னு, தனியார் பங்கோட ஒரு பெரிய குடிநீர்-தொழில்நீர்த் திட்டம் போட்டு, நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர ஏற்பாடு பண்ணினாங்க. தொழிற்சாலை கூடுதல் விலை கொடுக்கும், அதுல வீட்டுக்குக் குறைஞ்ச விலையில கொடுக்கலாம்னு கணக்கு. பட்டறையை மூடினதும் தண்ணி வாங்க ஆள் இல்லை. திறந்த அப்புறமும் பழைய தண்ணியையே சுத்தம் பண்ணி எடுத்துக்கறாங்க, முன்ன மாதிரி வாங்கலை. திட்டம் போட்டவங்க தண்ணியைக் கணக்குப் பண்ணாங்க, கழிவை மறந்துட்டாங்க.

வங்கதேசம் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா 'கூலிதான் எல்லாம்'னு சொல்றவங்க அதைத்தான் காட்டுவாங்க. கூலி குறைவுதான், மறுக்கலை. ஆனா அந்த நாட்டுல கூலி எப்பவுமே குறைவாத்தானே இருந்துது? 1970-கள்ல சொல்லிக்கற மாதிரி ஆடை ஏற்றுமதி அங்க இல்லையே. 1979-ல தேஷ் கார்மெண்ட்ஸ்னு ஒரு கம்பெனி, தென்கொரியாவோட டேவூ கூட ஒப்பந்தம் போட்டு சுமார் 130 பேரை பூசான் நகரத்துக்கு அனுப்பிப் பயிற்சி எடுத்துச்சு. அந்த ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க சில வருஷத்துல வெளிய வந்து வேற கம்பெனிகள்ல சேர்ந்தாங்க, சொந்தமாவும் ஆரம்பிச்சாங்க. முதலாளிக்கு நஷ்டம், நாட்டுக்கு ஒரு தொழில். அதோட அரசாங்கம் ரெண்டு ஏற்பாடு பண்ணிச்சு. வரி கட்டாமத் துணி இறக்கி வச்சுக்கற பாண்டட் கிடங்கு ஒண்ணு. பையர் கொடுத்த எல்.சி.யை, அதாவது பணம் வரும்னு பேங்க் கொடுக்கற உறுதிக் கடிதத்தை, அடமானமா வச்சே துணி வாங்க இன்னொரு எல்.சி. திறக்கற வசதி இன்னொண்ணு. கையில முதல் இல்லாதவனும் ஏற்றுமதி பண்ண முடிஞ்சுது.

2001-ல இருந்து ஐரோப்பாவுல அவங்களுக்கு வரியே கிடையாது, நம்ம துணிக்கு 9, 10 சதவீதம் போட்ட காலத்துலயும். ஆனா அந்தச் சலுகைக்கு ஒரு கறாரான நிபந்தனை இருந்துது: துணியும் உள்நாட்டுலயே தயாராகணும், தைக்கறது மட்டும் போதாது. பின்னலாடைக்காரங்க அதுக்காகவே உள்ளூர்ல ஸ்பின்னிங், நிட்டிங், சாயம்னு கட்டினாங்க. 2011-ல ஐரோப்பா அந்த நிபந்தனையைத் தளர்த்திச்சு, ஆனா அதுக்குள்ள பின்னலாடையில ஆழம் வந்துடுச்சு. நெய்த துணியில இன்னும் இறக்குமதியை நம்பித்தான் ஓடுது. என் கணிப்புல, வரிச்சலுகையை விட அந்த நிபந்தனைதான் அவங்களுக்கு அதிகம் சம்பாதிச்சுக் கொடுத்துது.

திரும்ப நம்ம பக்கம். உலகத்துல இன்னைக்கு அதிகமா விக்கறது செயற்கை இழை ஆடை. திருப்பூர் பருத்தியில ஊறின ஊரு. மாறிக்கலாமேன்னு சுலபமாச் சொல்றாங்க. பருத்தியை 60 டிகிரியில சாயம் போடற மெஷின் பாலியஸ்டருக்கு உதவாது. அதுக்கு 130 டிகிரி, அழுத்தத்தோட, தனி மெஷின். சாயம் வேற, தையல் ஊசி வேற, மாஸ்டர் கையில இருக்கற பழக்கமும் வேற. பாலியஸ்டர் சாயத்துக்கு அந்த உப்பு வேண்டாம்ங்கறது ஒரு நல்ல விஷயம், அதை யாரும் பேசறதில்லை. 2021-ல மத்திய அரசு இதுக்கு 10,683 கோடி ரூபாய்க்கு ஊக்கத் திட்டம் கொண்டுவந்துது. ஆனா உள்ள நுழையவே அப்ப குறைஞ்சபட்சம் 100 கோடி ரூபா முதலீடு, 2025-லதான் அதைப் புது விண்ணப்பங்களுக்கு 50 கோடியாக் குறைச்சாங்க. ரெண்டு கோடி, மூணு கோடியில ஓடற ஜாப் ஒர்க் பட்டறைக்கு அதுவும் எட்டாத பரண். சின்னச் சின்னக் கம்பெனியால எழுந்த ஊருக்குப் பெரிய கம்பெனி அளவெடுத்த சட்டை.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். உங்க பூங்காவுக்கு வாய்ப்பு இருக்கு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் தொழிலாளர் விடுதியும் ஆரம்பத்துல இருந்தே திட்டத்துல இருக்கு, திருப்பூர்ல முப்பது வருஷம் கழிச்சு அடிபட்டுக் கத்துக்கிட்டது அது. ஆனா முதல் கம்பெனி திறக்கறதுக்கு முன்னாடி அந்தச் சுத்திகரிப்பு ஓடுதான்னு பாருங்க. கட்டடம் நிக்கறதை எண்ணாதீங்க, எவாப்பரேட்டர் நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு கேளுங்க. வர்ற கம்பெனி எல்லாமே வெறும் தையல் யூனிட்டா, இல்லை நிட்டிங்கும் காம்பேக்டிங்கும் சேர்ந்து வருதான்னு பாருங்க. தையல் மட்டும்னா துணி திருப்பூர்ல இருந்துதான் லாரியில வரும், நான் சொன்ன அந்த ரிப் கதை அப்படியே உங்க ஊர்லயும் நடக்கும். சின்னப் பட்டறைக்கு ரெண்டாயிரம் சதுர அடி வாடகைக்குக் கிடைக்குமா, இல்லை ஏக்கர் கணக்குலதான் பிரிச்சுக் கொடுப்பாங்களான்னு விசாரிங்க. அப்புறம், லைன் 45 சதவீதத்துல இருந்து 65-க்குப் போகற வரைக்கும் ஆகற நஷ்டத்தை யார் தாங்கறது? முதலீட்டு மானியத்துக்குப் பதிலா அந்தப் பணத்தை டெய்லர் பயிற்சிக்கும் லைன் சூப்பர்வைசர் பயிற்சிக்கும் போட்டா பலன் சீக்கிரம் தெரியும். சூப்பர்வைசரைத்தான் முதல்ல சொல்லுவேன். அடைச்ச இடம் எதுன்னு கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கற ஒரு ஆள் கிடைக்கலைன்னா இருபது டெய்லர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.