‘பேக்’ என்றேன், ‘பேக்’ என்று கேட்டது

எல்லாருக்கும் வணக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை. நடுவில் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா கறிக்குழம்பு வைத்திருக்கிறார்.

ஏஐ வைத்து இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். முடியும். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் நான் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். அந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாம்பிள் எந்த நிலையில் இருக்கிறது, ஷிப்மென்ட் எப்போது கிளம்பும் என்று, துணி வாங்கும் பையருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். படித்தது தமிழ் மீடியம். சாட்ஜிபிடி வந்ததும் எனக்குக் கொண்டாட்டம். தமிழில் தட்டினால் இங்கிலீஷ் மெயில் தயார். அதுவும் கலெக்டர் ஆபீஸ் கடிதம் மாதிரி கஞ்சி போட்ட இங்கிலீஷ்! ஒரு நாள் அந்தப் பையர் வீடியோ காலில் வந்துவிட்டார். இத்தனை நாள் மெயில் எழுதிய ஆளைத் தேடுகிறார், இங்கே நான் "யெஸ் சார், யெஸ் சார்" என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதே காலில் ‘பேக்கிங் லிஸ்ட்’ என்று மூன்று தடவை சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் டைப் செய்து காட்டினேன்.

அன்று ராத்திரி சாட்ஜிபிடியில், வாயால் பேசும் வாய்ஸ் மோடைப் போட்டு அதே வரியைச் சொன்னேன். சரியாக எழுதிக் காட்டியது. என் உச்சரிப்பு எப்படி என்று கேட்டால், அருமையாம்! அப்புறம் ஏன் அந்த மனிதருக்குப் புரியவில்லை?

விஷயம் இதுதான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் காதில் விழுந்ததை மட்டும் வைத்து எழுதுவதில்லை. முன்பின் வார்த்தைகளைப் பார்த்து, இங்கே எது வரும் என்று கணிக்கும். ஷிப்மென்ட், கார்ட்டன் என்று பேசிவிட்டு நான் எப்படிக் குளறினாலும் பேக்கிங் என்றுதான் எடுத்துக்கொள்ளும். குழந்தையின் மழலை அம்மாவுக்கு மட்டும் புரியுமே, அந்த மாதிரி. 2024-இல் சாட்ஜிபிடிக்குள் வந்த ஜிபிடி-4ஓ என்ற மாடல் ஒலியை நேரடியாகவே கேட்கிறது. ஆனாலும் என்னைப் பாராட்டுவதை அது விடவில்லை.

அதனால் ஊகிக்க இடமே கொடுக்காமல் பார்த்தேன். கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டு, ஒரே ஒரு வார்த்தை. மூட்டை கட்டும் ‘பேக்’ சொன்னேன், முதுகு என்ற ‘பேக்’ வந்தது. மறுபடி சொன்னேன், தோளில் மாட்டும் ‘பேக்’ வந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் தமிழில் மூன்றும் ஒரே மாதிரி, பாருங்கள்! பல்லுக்கும் அம்புக்கும் நமக்கு ஒரே ப-தான், இடத்தைப் பொறுத்து ஒலி தானாக மாறிக்கொள்ளும். இங்கிலீஷில் பென்னில் வருவது ஒரு எழுத்து, பஸ்ஸில் வருவது வேறு எழுத்து. பென் என்னும்போது காற்று வெடித்து வெளியே வர வேண்டும். நம் ப-வில் அந்தக் காற்று இல்லை, அதனால் அவர்கள் காதில் அது பஸ்ஸின் ப-வாக விழுகிறது.

ஒரு பில் காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பென். ஆடியதா? பஸ். இதற்கு ஆடக் கூடாது. முதல் வாரம் எனக்கு எதற்குமே ஆடவில்லை.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நானே இங்கிலீஷில் எழுதி, "திருத்தாதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல், நான் திருத்திய பிறகு காரணம் சொல்" என்று தமிழிலேயே கேட்கிறேன். ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே’ என்று எழுதுவேன். யெஸ்டர்டே வந்தால் அந்த ஹேவ் வரக் கூடாதாம். தமிழில் அது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! இதே தப்பை ஏழெட்டுத் தடவை நானே தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கை நின்றது. ஆனால் மெயிலை ஒட்டும்போது விலை, பையர் பெயர் எல்லாம் எடுத்துவிடுங்கள், வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த வீடியோ ‘வ’ பற்றி. குடிக்கிற வைனுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், கொடி என்ற வைனுக்குப் பல் கீழுதட்டில் பட வேண்டும். மைக்கில் பத்துத் தடவை சொன்னால் எனக்கு நாலுதான் சரியாக வருகிறது. இதோ, மூணாவது விசில். வருகிறேன்.