விரலுக்குத் தெரிந்த ழகரம்

நேயர்களுக்கு வணக்கம். கல்லடிப் பாலத்தால் வரும்போது இன்றைக்கும் நல்ல மழை. தை பிறக்கும் வரைக்கும் மட்டக்களப்பில் இப்படித்தான். மழையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் பேச வந்த விசயத்துக்குள்ளும் மழை இருக்கிறது, இரண்டு இடத்தில் இருக்கிறது.

இன்று ஜனவரி 4. லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்த நாள். மூன்று வயதில், தகப்பனார் தோல்வேலை செய்யும் இடத்தில் ஓர் ஊசி கண்ணில் குத்தியதால் பார்வை போன பிள்ளை அவர். பதினைந்து வயதில், பார்வையில்லாதவர்கள் விரலால் தடவி வாசிக்கிற ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிவிட்டார். நான் 22 வருடம் பார்வையில்லாத பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள். அந்த ஆறு புள்ளியை நம்பித்தான் என் வேலை நடந்தது.

வானொலியில் படம் காட்ட முடியாது. ஆனால் லூடோ விளையாடியிருப்பீர்கள். கட்டையில் ஆறு விழுந்தால் எப்படி இருக்கும்? இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அவ்வளவுதான் பிரெயில். இந்த ஆறில் எது மேடாக நிற்கிறது, எது இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவம் வரும்.

இப்போது கேளுங்கள். லகரம் என்றால் இடப்பக்கம் மூன்று புள்ளி. ளகரம் என்றால் வலப்பக்கம் மூன்று புள்ளி. ழகரத்துக்கு ஐந்து புள்ளி. வலது மேல்மூலை மட்டும் வெறுமை. நாம் என்ன செய்கிறோம்? மழையை 'மளை' என்றுதான் பேசுகிறோம். நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். பார்வை உள்ள பிள்ளை சுவரொட்டியில், பேப்பரில், கடைப் பலகையில் அந்த ழகரத்தைக் கண்டு பழகிவிடும். காதால் மட்டும் கேட்கும் பிள்ளை அதை எங்கே போய்ச் சந்திக்கும்?

'நான்' என்ற சொல்லை எடுங்கள். முன்னால் ஒரு ந, பின்னால் ஒரு ன். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். விரலுக்கு அப்படி இல்லை. முதலாவதில் நான்கு புள்ளி, மற்றதில் இரண்டே புள்ளி. தன்னைச் சொல்கிற சொல்லிலேயே இரண்டு வேறு எழுத்து இருக்கிறது என்று ஒரு பிள்ளை தடவிக் கண்டுபிடிக்கிற நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"இப்போது போன் எல்லாம் வாசித்துக் காட்டுகிறதே, ரீச்சர், இனி பிரெயில் எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். போன் நல்லது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு எழுத்தைக் கொடுக்க அந்தப் போனுக்கு முடியாது. உங்கள் மற்றப் பிள்ளைக்குக் கதை கேட்டால் போதும், எழுதப் படிக்க வேண்டாம் என்று சொல்வீர்களா? அதனால்தான் சொல்கிறேன்: எழுத்து விரலுக்குக் கீழே வர வேண்டும்.

எப்படி வருவது? முதல் கருவி சிலேட்டும் குத்தூசியும். தடித்த தாளைச் சட்டத்தில் மாட்டி, பின்புறமிருந்து குத்த வேண்டும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிக் குத்த வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? இடப்பக்க மூன்று வலப்பக்க மூன்றாகிவிடும். என் வகுப்பில் ஒரு மகன் 'நாய்க்கு வால் உண்டு' என்று எழுதினான். கடைசி எழுத்தை மாற்றிக் குத்த மறந்துவிட்டான். தாளைத் திருப்பித் தடவினால் நாய்க்கு வாள் உண்டு. அவனே வாசித்து, அவனே சிரித்து, அவனே திருத்தினான். தன் பிழையைத் தானே பிடிக்கிற அந்த உரிமைதான் எனக்குப் பெரிது.

பெர்கின்ஸ் என்கிற பிரெயில் தட்டச்சு மெசினில் இந்தத் தலைகீழ் வேலை இல்லை. அமெரிக்காவில் பெர்கின்ஸ் பாடசாலையில் மரவேலை படிப்பித்த டேவிட் ஏப்ரகாம் உருவாக்கியது, 1951இல் வெளிவந்தது. ஆறு புள்ளிக்கு ஆறு கட்டை. ஓர் எழுத்துக்கு வேண்டிய கட்டைகளை ஒரே அழுத்தில் அழுத்தலாம். கரண்ட் வேண்டாம். பாரம் ஐந்து கிலோவுக்குக் கிட்ட.

அடுத்தது கணினியோடு பூட்டுகிற பிரெயில் பிரிண்டர். மை இல்லை, உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் தாளைக் குத்தும். தகரக் கூரையில் கல் கொட்டுகிற சத்தம். அதன் முதல் பக்கம் வெளியே வந்த நாளை நான் மறக்க மாட்டேன். யாரோ தட்டச்சுச் செய்து கொடுத்த பாடம். சூடாக வந்த தாளை ஒரு மகளின் கையில் கொடுத்தேன். அவள் தடவினாள். முகம் சுருங்கியது. "ரீச்சர், இது தமிழ் இல்லை, இங்கிலிஷ். ஆனால் இங்கிலிஷும் இல்லை. எம், கே, ஓர் அரைப்புள்ளி, அப்புறம் கே, எச்" என்றாள்.

மெசின் பழுது என்றார்கள். கம்பெனிக்குப் போன் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு அந்த ஐந்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். விடியப்புறம் பிடிபட்டது. பாமினி எழுத்துரு! திருமணக் கார்ட் அடித்தவர்களுக்குத் தெரியும், பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' என்று விழும். கண்ணுக்கு அது அம்மா. கணினிக்குள்ளே இருப்பது ஐந்து இங்கிலிஷ் குறிகள். பிரிண்டர் உள்ளே இருப்பதைத்தான் குத்தியது. அதன்மேல் குற்றமே இல்லை. அவள் விரலும் சரியாகத்தான் வாசித்தது. பாடத்தை, தமிழ் எழுத்தைக் கணினிக்குள்ளும் தமிழாகவே வைக்கிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்த பிறகு அதே மகள் அதே சொல்லைத் தடவி "அம்மா" என்றாள்.

பாடசாலைக் குறிப்புகள், வினாத்தாள்கள் அடிக்கிற தம்பி தங்கைமாருக்கு இதைத்தான் கேட்கிறேன். யூனிகோடில் அடியுங்கள். ஒரே ஒரு பழக்கம். நீங்கள் காணாத ஒரு பிள்ளை அதை வாசிக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. தமிழ்க் ககரமும் சிங்களக் ககரமும் பிரெயிலில் ஒரே வடிவம் என்பதை விரித்துப் பேச ஆசைப்பட்டேன். தமிழும் சிங்களமும் பேசுகிற அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவும்! கணிதக் குறிகளைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். அதெல்லாம் இன்னொரு நாளைக்கு.

தாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். போட்டோகொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீற்றர் தாள் 80 கிராம். பிரெயிலுக்கு 120க்கு மேல் வேண்டும். ஒரு புள்ளியின் உயரம் அரை மில்லிமீற்றர் அளவுதான். இதுதான் நான் சொன்ன இரண்டாவது மழை: மாரி ஈரத்தில் தாள் இளகினால் புள்ளி அமுங்கிவிடும். பிரெயில் புத்தகத்தைப் படுக்க அடுக்கி மேலே பாரம் வைக்காதீர்கள். நிமிர்த்தி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

புது வருடம் பிறந்துவிட்டது. கடைகள் தந்த பழைய கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றியிருப்பீர்கள். மாதத்துக்கு ஒரு பக்கமாக வரும் தடித்த கலண்டரைச் சொல்கிறேன். அதைப் பிரிண்டருக்குப் போட முடியாது. சிலேட்டில் குத்திப் பழக அருமையான தாள். உங்கள் பக்கத்தில் பார்வையில்லாத பிள்ளை படிக்கும் பாடசாலைக்குக் கொடுங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு, நனையாமல் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். மடிக்க வேண்டாம். மடிப்பு விழுந்த இடத்தில் விரல் தடுக்கும். அதையும் ஒரு புள்ளி என்று நினைத்துப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

வணக்கம்.