முதலில் தூக்கம், அப்புறம் கதை

எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் அம்மா என்னிடம் மனநல சிகிச்சைக்கு வந்தார். நாற்பது வயது தாண்டியவர். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை இழுத்து, கதவு தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டார். வெளியே யாராவது உரக்கப் பேசினால் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லணுமா?" என்று கேட்டார். "வேண்டாம்மா" என்றேன். அன்று அவருடைய தூக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

ஒரு விபத்தில் மாட்டியவரின் பயம் வேறு. காப்பாற்ற வேண்டியவர்களிடமே வருடக்கணக்கில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்தவரின் பயம் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இந்த இரண்டாவது வகைக்குத் தனி இடம் உண்டு. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதோடு இன்னும் மூன்று சேர்ந்திருக்கும்: உணர்ச்சி கட்டுக்குள் நிற்காது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் போகாது, யாரோடும் நெருங்க முடியாது.

"மனசுல இருக்கிறதைக் கொட்டிடு, பாரம் குறையும்" என்கிறோம். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கால் ஊன்ற இடமில்லாதவரை அவசரப்படுத்திப் பேசவைத்தால், உடம்பு அந்த நாளுக்கே திரும்பிப் போய்விடும். அதனால்தான் ஹெர்மன் பாதுகாப்பை முதலில் வைத்தார். நினைவும் துக்கமும் அதற்கு அப்புறம். அதன் பிறகு மறுபடி மனிதர்களோடு சேர்வது. முதல் கட்டம் எல்லோருக்கும் தேவையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நேரடியாக நினைவுகளில் தொடங்கித் தேறியவர்களும் உண்டு. ஆனால் வேகத்தை வந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் உதவியது. பழையது மேலே வரும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வியாழக்கிழமை, இது என் கை" என்று சொல்லிப் பழகினார். பல மாதம் கழித்து, தானாகவே பேசினார். அடிபட்டதைச் சொல்லும்போது அழவில்லை. "பக்கத்து வீட்டுல ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலையே" என்றபோதுதான் உடைந்து அழுதார். அந்த அழுகைக்குத்தான் அத்தனை மாத ஏற்பாடும்.

உதவி தேவைப்படுபவர்கள் 14416-ஐக் கூப்பிடலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் ஒருவர் சிகிச்சைக்குப் போனால், திரும்பி வந்ததும் "என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள். அன்று மட்டுமாவது சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.