மலைக் கதைகளில் கணக்குப் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மலை ரயிலில் ஒரு கொலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் ஏறிய கொலையாளி, வண்டி ஓடும்போதே பெட்டி பெட்டியாக நடந்து கடைசிப் பெட்டிக்குப் போகிறான். வேலையை முடித்துவிட்டு மறுபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். கோயம்புத்தூரில் படிக்கிறவர் இதை நம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். குன்னூரில் படிக்கிறவருக்குப் புத்தகம் அங்கேயே விழுந்துவிடும். மலை ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நடந்து போக வழி கிடையாது. போதாக்குறைக்குப் பெட்டிகளின் முன்மேடையில் பிரேக் பிடிக்கிற ஊழியர்கள் வழி நெடுக நின்றுகொண்டே வருவார்கள். அவர்கள் கண்ணில் படாமல் ஒருவன் என்ன செய்ய முடியும்?

துப்பறியும் நாவல், சரித்திர நாவல், மாயக்கதை ஆகிய மூன்று வகைகளிலும் அண்மைக் காலமாக மலையைக் களமாக வைத்து நிறைய எழுதுகிறார்கள். படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் எடைபோட மலைவாசிகளான நம் கையில் ஒரு நல்ல தராசு இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. தூரம், நேரம், நிலா, பனி, மரம் என்று எல்லாவற்றுக்கும் இங்கே கணக்கு உண்டு. ஆசிரியர் அந்தக் கணக்கை மதித்திருக்கிறாரா என்று பார்த்தால், கதையையும் எப்படிக் கட்டியிருப்பார் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ரயிலையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தண்டவாளத் தூரம் 46 கிலோமீட்டர். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும், இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் உண்டு. அந்தப் பகுதியில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். குன்னூரில் எஞ்சின் மாற்றுவார்கள். அதன்பிறகு வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி.

இந்த விவரங்களுக்குள்ளேயே ஒரு நல்ல புதிர் ஒளிந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஒருவன் வண்டி ஏறுவதைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். ஊட்டியில் அதே வண்டியிலிருந்து அவன் இறங்குவதையும் பத்துப் பேர் பார்க்கிறார்கள். ஆனால் எஞ்சின் மாற்றும் நேரத்தில் குன்னூரில் இறங்கி, காரில் லவ்டேலுக்குப் போனால் ரயிலுக்கு முன்பே போய்ச் சேரலாம். சாலை காலியாக இருந்தால் கால் மணி நேரமாவது கையில் மிஞ்சும். அந்தக் கால் மணி நேரத்தில் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டு, லவ்டேலில் அதே வண்டியில் ஏறிக்கொள்ளலாம். கதை மே மாதத்தில் நடந்தால் இந்தத் திட்டம் பலிக்காது, சீசன் கூட்டத்தில் கார் நகராது. துப்பறிகிறவர் பிடிக்க வேண்டிய நுனியும் அதுதான். பெட்டி பெட்டியாக நடக்கவிட்ட ஆசிரியர், கையில் இருந்த இதை விட்டுவிட்டார்.

அடுத்தது பனி. மலைக் கதை என்றாலே பனிமூட்டம் வந்துவிடும், குற்றம் இல்லை. ஆனால் அதே இரவில் புல்வெளி முழுக்க உறைபனி, அதில் கொலையாளியின் காலடித்தடம் என்று எழுதும்போதுதான் இடறுகிறது. உறைபனி விழ வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. பகலில் நிலம் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போனால்தான் புல் நுனியில் நீர் உறையும். மேகமோ மூட்டமோ இருந்தால் அது கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைத்துவிடும். அதனால் மூட்டம் கவிந்த இரவில் உறைபனி இராது. உறைபனி விழும் இடமும் கணக்குக்கு உட்பட்டதுதான். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்தரை போன்ற தாழ்ந்த இடங்களில்தான் வெள்ளையாகப் படியும். மேட்டில் இருக்கும் பங்களாவின் வாசலிலோ மரத்தடியிலோ அந்த அளவு இராது. படிந்தாலும் வெயில் ஏறியதும் கரைந்துவிடும். பத்தரை மணிக்கு வரும் காவல் ஆய்வாளர் உறைபனியில் தடத்தை அளந்தார் என்று எழுதினால், அவர் அளந்தது ஈரப் புல்லைத்தான்.

பிணத்துக்கும் குளிர்தான் கடிகாரம். சமவெளிக் கணக்குப்படி இறந்த சில மணி நேரத்தில் விறைப்பு தொடங்கும், பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும், அதே அளவு நேரம் நிற்கும், பிறகு தளரும். டிசம்பர் மாத ஊட்டியில் திறந்த வெளியில் கிடந்த உடலில் விறைப்பு மெதுவாக வரும், நெடுநேரம் நிற்கும். கணப்பு எரியும் அறையில் கிடந்தால் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். ஆக, உடலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினாலே இறந்த நேரத்தைப் பற்றி மருத்துவரைக் குழப்பிவிடலாம். சமவெளி எழுத்தாளருக்குக் கிடைக்காத வசதி இது. இருந்தும் பெரும்பாலான கதைகளில் மருத்துவர் வந்து நின்ற உடனேயே "நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு" என்று சொல்லிவிடுகிறார். அப்படி யாராலும் சொல்ல முடியாது.

பெரிய கைகளும் இதில் வழுக்கியிருக்கின்றன. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் 1892-இல் வந்த ஒன்றில், விசில் சத்தம் கேட்டுத் திரும்பி வரும்படியும் கிண்ணத்துப் பாலைக் குடிக்கும்படியும் பழக்கிய பாம்பு ஒன்று மணிக்கயிற்றில் ஏறி இறங்கும். பாம்புக்குப் புறச்செவி கிடையாது, பால் அதன் உணவும் அல்ல. மகுடியையும் புற்றுப் பாலையும் பார்த்து வளர்ந்த நமக்கு அது தவறாகவே படாமல் போகலாம் என்பது வேறு விஷயம். அகதா கிறிஸ்டி இதற்கு நேர் எதிர். முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். 1920-இல் வந்த அவருடைய முதல் நாவலில் விஷத்தின் குணத்தை எவ்வளவு துல்லியமாகக் கையாண்டார் என்றால், மருந்தியல் இதழ் ஒன்றே அதைப் பாராட்டி எழுதியது.

தமிழ்த் துப்பறியும் நாவல்களில் அடிக்கடி படும் குறை இன்னொன்று. அதற்கும் மலைக்கும் தொடர்பில்லை. குற்றவாளி கதைக்குள் வரும் பக்கத்தைக் குறித்துப் பாருங்கள். புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அவர் நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பேசியிருக்கவும் வேண்டும். முக்கால்வாசி தாண்டிய பிறகு வந்து, கடைசி மூன்று பக்கங்களில் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் அங்கே யாரும் துப்பறியவில்லை. பக்கம் குறைந்த மாத நாவல்களில் இது மிகுதி. தொடர்கதையாக வருபவற்றில் வேறு தொல்லை. வாரக் கடைசியில் வைத்த அதிர்ச்சிகளுக்கு ஆசிரியரே பிறகு பதில் சொல்ல மறந்துபோகிறார். முடித்தபின் முதல் மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் படித்தால் இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

சரித்திர நாவலுக்கு வருவோம். நீலகிரியைக் களமாகக் கொண்டவற்றில் மரங்கள்தான் முதல் காட்டிக்கொடுப்பவை. திப்பு சுல்தானின் குதிரை வீரர்கள் மலையேறும்போது கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) வாசம் அடித்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். கற்பூர மரம் இங்கே வந்தது 1843-இல். சீகை மரமும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். திப்பு இறந்தது 1799, மலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் அந்த ஆண்டில்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தது 1819-இல். ஊட்டி ஏரி அதற்குப் பிறகு அவர் வெட்டுவித்தது, அதில் யாரும் அதற்கு முன் படகு விட்டிருக்க முடியாது. தேயிலைத் தோட்டம் பெரிதாகப் பரவியது அந்த நூற்றாண்டின் பின்பாதியில். அதற்கு முன் இங்கே இருந்தது புல்வெளியும் மடிப்புகளில் சோலையும், தோதவர் மந்துகளும் படகர் ஹட்டிகளும் கோத்தர் ஊர்களும்தான். இந்தக் காட்சியை நிதானமாகத் தீட்டியவர்கள் குறைவு. மலை என்றால் தேயிலை என்று கை பழகிப்போயிருக்கிறது.

குறிஞ்சி இன்னும் கறாரான சாட்சி. நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அதற்கு முன் 2006, 1994, 1982. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கழித்துக்கொண்டே போனால் 1850, 1838 என்று போகும். கதாநாயகி 1845-இல் நீலக்குறிஞ்சி மூடிய சரிவில் நிற்கிறாள் என்றால் அடுத்த பூப்புக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. குறிஞ்சி இனத்தில் வேறு சுற்றுக்காலம் உள்ள வகைகளும் உண்டு. அதனால் மலையே நீலமாகும் பெரும்பூப்புக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடுங்கள். பழனி மலைக் கதைகளுக்கும் 2006, 2018 என்ற இதே வரிசைதான்.

காலத்தில் இன்னும் பின்னால் போனால் நிலாவைப் பிடித்துக்கொள்ளலாம். பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது எழும். அதன்பின் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதம். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டி எழும், துவாதசியில் விடிகாலை நான்கு மணி ஆகிவிடும். தேய்பிறைத் துவாதசி அன்று முதல் ஜாமத்தில் நிலவொளியில் ஒற்றன் முகம் தெரிந்தது என்று எழுதியிருந்தால், அன்று அந்த நேரத்தில் நிலாவே இல்லை. ஒரு ஜாமம் ஏழரை நாழிகை, ஒரு நாழிகை இருபத்துநான்கு நிமிடம். சோழர் காலத்து ஆள் "ஐந்து நிமிடம் பொறு" என்று சொல்லக் கூடாது. அவன் சாப்பாட்டில் மிளகாயும் உருளைக்கிழங்கும் இருக்கக் கூடாது, அவை போர்ச்சுக்கீசியர் வந்தபின் வந்தவை. அவன் ஓலையில் மை தொட்டு எழுதக் கூடாது. எழுத்தாணியால் கீறி, பிறகு கரி தடவித்தான் படிப்பார்கள். ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். புள்ளியில்லாத ஓலையை இருவர் இரு விதமாகப் படிக்கலாம். சரித்திரக் கதைக்குள் ஒரு துப்பறியும் கதை வைக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

இரண்டும் கலந்து வெற்றி கண்டதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம், கல்கி 1950-இலிருந்து தொடராக எழுதிய பொன்னியின் செல்வன். ஆதித்த கரிகாலன் கொலையில் பங்கு உள்ளவர்களாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. அவர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்த செய்தி அது. யார் எப்படிக் கொன்றார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கல்கி அந்த இருட்டை இருட்டாகவே விட்டு, அதைச் சுற்றி ஆட்களை நிறுத்தினார். இன்று எழுதுகிறவர்கள் பலர் அந்த இடைவெளியைக் கண்டதும் ஒரு பெரிய சதியைக் கொண்டுவந்து அடைத்துவிடுகிறார்கள். கல்வெட்டு மௌனமாக இருக்கும் இடத்தில் நாவலும் கொஞ்சம் தயங்கினால்தான் நம்ப முடிகிறது.

மாயக்கதையில் எதை வேண்டுமானாலும் எழுதலாமே, அங்கே என்ன கணக்கு என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு அதிகம். நம் பழைய கதைகளைப் பாருங்கள். கூடு விட்டுக் கூடு பாய்கிறவன், விட்டுப்போன உடலுக்குக் காவல் வைத்தாக வேண்டும். அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டிய கிளிக்குள் இருக்கிறது என்றால், அந்தக் கிளியை எப்படிப் பிடிப்பது என்பதும் கதைக்குள் இருக்கும். வரத்துக்கு ஒரு விலை, வித்தைக்கு ஓர் எல்லை. இப்போது வருபவற்றில் பலவற்றில் கதாநாயகனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் கையிலிருந்து புதிதாக ஓர் ஒளி கிளம்புகிறது. முந்நூறாம் பக்கத்தில் அவனைக் காப்பாற்றப்போகும் சக்தி ஐம்பதாம் பக்கத்திலேயே தலைகாட்டியிருக்கிறதா, அதைப் பயன்படுத்தியதால் அவன் எதையாவது இழந்தானா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடலாம். டோல்கீன் தன் கற்பனை உலகத்துப் பயணத்துக்கு நாள்காட்டி போட்டு, பிறைகள் ஒன்றோடொன்று ஒத்துவரும்படி அத்தியாயங்களைத் திருத்தி எழுதினார். இல்லாத உலகத்து நிலாவுக்கே அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

நீலகிரி மாயக்கதைகளில் மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு. காட்டுக்குள் ஒரு கிழவன், கண் சிவந்திருக்கும், பில்லி சூனியம் வைப்பான், அவன் ஒரு குறும்பன் என்று எழுதிவிடுவது. குறும்பர்கள் இன்றும் நம்மோடு வாழ்கிற பழங்குடி மக்கள். அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் 19-ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட செய்திகள் 1908-இல் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியரிலேயே இருக்கின்றன. எழுதுகிறவருக்கு அது வெறும் பயங்காட்டும் பாத்திரமாக இருக்கலாம். படிக்கும் குறும்பர் வீட்டுப் பெண்ணுக்கு அது தன் தாத்தாவின் பெயர். மந்திரவாதி வேண்டுமென்றால் புதிதாக ஒரு குலத்தைப் படைத்துக்கொள்ளட்டும், மாயக்கதையில் அதற்குத் தடையே இல்லையே.

அவர்களிடமிருந்து உண்மையாகவே எதையாவது எடுத்துக்கொள்ள நினைத்தால் தேன் எடுப்பதைப் பாருங்கள். செங்குத்துப் பாறையின் விளிம்பில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கும். காட்டுக்கொடியில் பின்னிய ஏணியில் ஒருவர் இறங்குவார், புகை போடுவார், தேனீயைப் பார்த்துப் பாடுவார். மேலே ஏணியைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் மைத்துனர், மனைவியின் உடன்பிறந்தவர். தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க அவர் விடமாட்டார் என்ற நம்பிக்கையில் வந்த ஏற்பாடு இது. தேன் எடுக்கும் மலைமக்கள் பலரிடமும் இந்த வழக்கம் உண்டு. இருட்டு, ஆயிரக்கணக்கான தேனீக்கள், கீழே அதலபாதாளம், மேலே மைத்துனர் கை. அந்த மைத்துனருக்கும் இறங்கியவருக்கும் முந்தின நாள் ஒரு சண்டை நடந்திருந்தால் கதை அங்கிருந்து தொடங்கிவிடும்.

வணக்கம்.