ஸ்டார்டஸ்ட்டை எங்கே போய்ப் பார்ப்பது?

(கலிஃபோர்னியாவில் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘லாஸ் வேகஸில் ஒரு நாள் கிடைத்தால் பார்க்க வேண்டியது கேசினோ வீதியா, அருங்காட்சியகங்களா?’ அருங்காட்சியக அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, மதியம் பொங்கலும் வடையும் சாப்பிட்ட பிறகும் கண் திறந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அண்ணன் மூன்று கேள்வி வீசினார். வேகஸ் வீதியே ஒரு திறந்தவெளி மியூசியம்தானே, ஈபிள் கோபுரமும் பிரமிடும் நகலாக அங்கேயே நிற்கும்போது தனியாக எதற்கு டிக்கெட் என்பது முதல் கேள்வி. உலகப் புகழ் பெற்ற குகன்ஹைம் கலை அருங்காட்சியகமே அந்த ஊரில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டதே என்பது இரண்டாவது. மூன்றாவது, நீங்கள் விசிலடித்தது: “மியூசியம் பார்க்கவா அஞ்சு மணி நேரம் பாலைவனத்துல கார் ஓட்டிட்டுப் போனோம்?”

எங்கள் அணித் தலைவர் தருமரையும் நளனையும் ஏற்கெனவே மேடைக்கு அழைத்து வந்து அழ வைத்துவிட்டார். நான் அவர்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. சூதாடாதீர்கள் என்று உபதேசம் செய்யவும் வரவில்லை. வேகஸ் என்ற ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அது கேசினோ வீதியில் கிடைக்காது என்பதுதான் என் கட்சி. அந்த ஊர் தன்னைப் பற்றி வாய் திறந்து உண்மை பேசும் இடம் அதன் அருங்காட்சியகங்கள் மட்டும்தான்.

அண்ணனிடம் ஒரு கேள்வி. ஸ்டார்டஸ்ட் என்று ஒரு கேசினோ இருந்தது, 1958இல் திறந்தது. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு காலம் அந்த வீதிக்கே அடையாளமாக இருந்த பெயர். அது இப்போது எங்கே? 2007 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒளிந்து மறைந்தா? இல்லை, வாண வேடிக்கையோடு! ஊரே கூடி நின்று கைதட்டியது. அந்த இடத்தில் இப்போது வேறு ஹோட்டல். டூன்ஸ் 1993இல் போனது, அங்கேதான் அண்ணன் உருகி உருகி வர்ணித்த பெல்லாஜியோ நீரூற்று ஆடுகிறது. சாண்ட்ஸ் 1996இல் போனது, அங்கேதான் அண்ணியோடு படகில் போன வெனிஸ் கால்வாய். டிராபிகானா 2024 அக்டோபரில் போனது, அதற்கும் வாண வேடிக்கைதான். அண்ணன் சொன்ன பிரமிடுக்கு வயது என்ன தெரியுமா? 1993இல் திறந்தது. ஈபிள் கோபுரம் 1999. நம் சங்கத்து வாலண்டியர்களில் பாதிப் பேர் அந்தப் பிரமிடை விட மூத்தவர்கள். இதையா அண்ணே திறந்தவெளி மியூசியம் என்கிறீர்கள்?

ஸ்டார்டஸ்ட் முழுசாக அழிந்துவிடவில்லை. அதன் எழுத்துகள் பிழைத்திருக்கின்றன. ஊருக்கு வடக்கே நியான் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் திறந்தவெளி முற்றத்துக்கு ‘எலும்புக்கூட்டு முற்றம்’ என்ற பொருளில்தான் பெயரே வைத்திருக்கிறார்கள். வேகஸில் பெயர்ப்பலகைகளைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் எடுப்பார்கள். கேசினோ மூடினால் பலகை செய்த கம்பெனி அதைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் கிடங்கில் போட்டுவிடும். அப்படிப் போட்டு வைத்ததுதான் இந்த அருங்காட்சியகத்துக்கு மூலதனம். பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வீதியில் நிற்கும்போது தலையை அண்ணாந்து பார்த்த எழுத்து, இங்கே தரையில், உங்கள் உயரத்துக்கு மேலே இன்னோர் ஆள் உயரம் நிற்கும். பெயின்ட் உரிந்திருக்கும். பல்பு போன வெறும் ஹோல்டர்கள் வரிசையாகத் தெரியும். தகரத்தின் பின்பக்கம் துரு. ஒளி போன பிறகுதான் அது கைவேலை என்று தெரிகிறது. ஒருவர் கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி, ஊதி, வளைத்து, எழுத்தின் வளைவுக்கு ஏற்ப அமைத்திருக்கிறார். சிவப்பு ஒளி வேண்டுமென்றால் உள்ளே நியான் வாயு, நீலம் வேண்டுமென்றால் ஆர்கான் வாயுவும் ஒரு துளி பாதரசமும். இத்தனை வருஷம் வேகஸ் போய் வந்தவர்கள் எத்தனை பேர் இதை யோசித்தீர்கள்?

உள்ளே நுழையும் கட்டடமே ஒரு கதை. சிப்பி விரித்தது போல வளைந்து நிற்கும் அந்த வரவேற்புக் கூடம், 1961இல் கட்டிய லா கான்சா என்ற மோட்டலின் முன்பகுதி. இடிக்கப் போகிறார்கள் என்றதும் அதை எட்டுத் துண்டாக அறுத்து, 2006இல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஒட்டினார்கள். எல்லாவற்றையும் வெடிவைத்துத் தகர்க்கும் ஊரில், அவையோரே, ஒரு மோட்டல் வாசலுக்காக ரம்பம் எடுத்திருக்கிறார்கள்! வரைந்தவர் பால் வில்லியம்ஸ். கறுப்பினக் கட்டடக் கலைஞர். 1923இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர். அவர் படங்களைத் தலைகீழாக வரையப் பழகி வைத்திருந்தார். ஏன்? வெள்ளைக்கார வாடிக்கையாளர் தன் பக்கத்தில் வந்து உட்காரத் தயங்குவார், மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நேராகத் தெரியட்டும் என்று.

அதே முற்றத்தில் மூலான் ரூஜ் என்ற பலகையும் இருக்கிறது. 1955 மே மாதம் திறந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரலாம், தங்கலாம் என்று வேகஸில் திறந்த முதல் கேசினோ ஹோட்டல். அதுவரைக்கும் நிலைமை என்ன? சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற மாபெரும் கறுப்பினக் கலைஞர் ‘ஸ்ட்ரிப்’ என்று சொல்லும் அந்தக் கேசினோ வீதி மேடையில் பாடலாம், ஆடலாம். கைதட்டல் முடிந்ததும் படுக்க ஊரின் மேற்குப் பக்கத்து லாட்ஜுக்குப் போக வேண்டும். பாடிய ஹோட்டலில் ரூம் கிடையாது. மூலான் ரூஜ் அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே மூடிவிட்டது. ஆனால் 1960 மார்ச்சில், கறுப்பினத் தலைவர்கள் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் போவோம் என்று அறிவித்த பிறகு, ஹோட்டல்களின் கதவைத் திறந்துவிட ஒப்பந்தம் பேசியது இதே மூலான் ரூஜில்தான். அந்தப் பலகையை வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி. அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய இன்னொரு பலகை முன்னால் நின்று நீங்கள் எல்லோரும் போட்டோ எடுத்திருக்கிறீர்கள், ஊர் எல்லையில் 1959இல் வைத்த வரவேற்புப் பலகை. காப்புரிமை கூட அவர் வாங்கவில்லை, ஊருக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் அவர் கைவண்ணம் இருக்கிறது. அண்ணன் போன வீதியில் இதை யாராவது சொன்னார்களா?

சரி, ஸ்டார்டஸ்ட் கதை முடியவில்லை. அங்கே புழங்கிய பணம் எங்கே போனது? அதற்கு இன்னொரு வாசல் ஏற வேண்டும். அதன் நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை, ‘மாப் மியூசியம்’, அதாவது தாதா கும்பல் மியூசியம், என்றால்தான் டாக்ஸிக்காரருக்கே புரியும். 1933இல் கட்டிய பழைய மத்திய அரசு நீதிமன்றமும் தபால் ஆபீசும்தான் அந்தக் கட்டடம். புதுப்பித்துக் கலாசாரக் காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு நகராட்சிக்கு அதை அரசு விற்ற விலை ஒரு டாலர். இரண்டாவது மாடியில் ஒரு கோர்ட் ஹால் இருக்கிறது. 1950 நவம்பர் 15ஆம் தேதி, அமெரிக்க செனட்டின் கீஃபாவர் குழு, கேசினோக்களுக்குப் பின்னால் இருக்கும் தாதாக்களைப் பற்றி விசாரணை நடத்திய அதே ஹால். ஸ்டார்டஸ்ட்டில் நடந்தது பின்னால் வெளிவந்தது. கேசினோவில் பணம் எண்ணும் அறையிலிருந்தே, கணக்கில் ஏறுவதற்கு முன்பே, கட்டுக்கட்டாக எடுத்து சிகாகோ கும்பலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேலே விளக்கு ஜொலித்தது எல்லோருக்கும் தெரிந்தது, எண்ணும் அறை யாருக்கும் தெரியவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. இந்த அருங்காட்சியகத்தை விடாப்பிடியாக நின்று கொண்டுவந்த மேயர் ஆஸ்கர் குட்மன், அரசியலுக்கு வருவதற்கு முன்னால் அதே தாதாக்களுக்கு வாதாடிய வக்கீல்! திறந்த தேதியைக் கேளுங்கள்: 2012 பிப்ரவரி 14. காதலர் தினத்துக்காக அல்ல. 1929இல் அதே தேதியில் சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சுவரின் செங்கற்கள் உள்ளே இருக்கின்றன. நம் ஊர்களில் ஒரு தலைவரைப் பற்றி ஒரு வரி குறையாகச் சொன்னாலே பஸ் ஓடாது. இங்கே ஓர் ஊர், ‘எங்களைக் கட்டியவர்களில் பாதிப் பேர் கேடிகள்’ என்று டிக்கெட் போட்டுச் சொல்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே ஒரு பகல் கொடுக்கலாம்.

மூன்றாவது இடம். இங்கே கொஞ்சம் சிரிப்பைக் குறைத்துக்கொள்கிறேன். ஸ்டார்டஸ்ட் எழுத்துகள் ஏன் வெடித்துச் சிதறுகிற மாதிரி கூரான முனைகளோடு இருக்கின்றன? அது அணுகுண்டு யுகத்தின் மோஸ்தர். ஃபிளமிங்கோ சாலையில் 2005இல் திறந்த அணுச் சோதனை அருங்காட்சியகத்துக்குப் போனால் விளங்கும். வேகஸிலிருந்து சுமார் 105 கிலோமீட்டரில் இருக்கும் நெவாடா சோதனைக் களத்தில், 1951 முதல் 1992 வரை 928 அணுகுண்டு சோதனை. அதில் 100 திறந்த வெளியில், வானத்துக்குக் கீழே. ஊர் பயந்ததா? வர்த்தக சபை குண்டு வெடிக்கும் தேதிகளைப் போட்டுக் காலண்டர் அச்சடித்தது. விடியற்காலை வெடிப்பைப் பார்க்க ஹோட்டல்களில் இரவு முழுக்க விருந்து. அணு பெயரில் மது வகை. 1957இல் ஒரு நடனப் பெண்ணின் நீச்சலுடையில் பஞ்சால் காளான் மேகம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். சோதனைக் களத்தில் நிஜ வீடுகள் கட்டி, சோபாவில் பொம்மை மனிதர்களை உட்கார வைத்து, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன அரங்கு இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் திரையில் எண்ணிக்கை இறங்கும், வெளிச்சம் அடிக்கும், பெஞ்ச் அதிரும், முகத்தில் காற்று அறையும். அது விளையாட்டுக் காற்று. நிஜக் காற்று பக்கத்து மாநிலமான யூட்டா பக்கம் வீசியது. காற்று வேகஸ் பக்கம் அடிக்காத நாளாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் வெடித்தார்கள். அந்தத் திசையில் இருந்த சிற்றூர்களில் புற்றுநோய் வந்தவர்களுக்கு நஷ்டஈடு தரச் சட்டம் வந்தது 1990இல்.

இப்போது குகன்ஹைம். ஒத்துக்கொள்கிறேன், 2001இல் வெனிஷியன் ஹோட்டலுக்குள் இரண்டு கூடம் திறந்தார்கள். பெரியது 2003இல் மூடியது, சின்னது 2008இல் மூடியது. ஆனால் அது எங்கிருந்தோ படம் கொண்டுவந்து கேசினோவுக்குள் மாட்டியது. கேசினோ முதலாளியின் பொழுதுபோக்காக இருக்கும் வரை கலைக்கும் அதே கதிதான். ஸ்டீவ் வின் என்ற கேசினோ அதிபர் 2006இல் தன் அலுவலகத்தில் விருந்தினருக்குத் தன் பிக்காசோ ஓவியத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர், பேச்சு வேகத்தில் முழங்கையால் இடித்துக் கிழித்தேவிட்டார்! மூடியது வெளியூர்ச் சரக்கு அண்ணே. ஊரின் சொந்தக் கதையைச் சொல்லும் நான் சொன்ன மூன்றும் இன்று திறந்திருக்கின்றன.

ஐந்து மணி நேரம் கார் ஓட்டியவருக்கும் பதில் சொல்கிறேன். பின் சீட்டில் யார் இருந்தார்கள்? பிள்ளைகள். நெவாடா சட்டப்படி 21 வயதாகாதவர் சூதாட்டத் தளத்தில் நிற்கவே கூடாது, நடந்து கடந்து போகலாம், அவ்வளவுதான். ஆக அப்பா ஸ்லாட் மெஷினில், அம்மாவும் பிள்ளைகளும் கார்பெட்டைப் பார்த்துக்கொண்டு வெளியில். அதே பிள்ளைகளை வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும், பின்பால் என்ற பந்து விளையாட்டு மெஷின்களின் கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். எத்தனையோ காலத்துப் பழைய மெஷின்கள், தொட்டு விளையாடலாம், பழையவற்றில் பலதுக்கும் கால் டாலர் காசு போதும். வேகஸில் காசு போட்டு, திரும்பி வராது என்று தெரிந்தே சந்தோஷமாக ஆடும் ஒரே இடம் அதுதான்.

செலவு என்றும் அண்ணன் முணுமுணுத்தார். அமெரிக்க ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரத்தில் பந்து விழ 38 குழி. ஓர் எண்ணில் ஜெயித்தால் கட்டிய காசு திரும்பி வரும், அதற்கு மேல் லாபம் 35 மடங்குதான். கணக்குப் போட்டால் பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் கேசினோவுக்கு. அண்ணன் ஒரு தடவை கட்டிவிட்டு எழுந்து வருகிற ஆளா? அவர் ஒரு மணி நேரத்தில் கட்டும் பந்தயப் பணத்தில் எங்கள் மூன்று அருங்காட்சியகத்துக்கும் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துவிடலாம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், வழி மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன். காலையில் அணுச் சோதனை. வெயில் உச்சியில் மாப் மியூசியம், உள்ளே ஏசி. இருட்டத் தொடங்கியதும் நியான் முற்றம், மாப் மியூசியத்திலிருந்து காரில் சில நிமிடம்தான். அங்கே முடிக்க இரவாகிவிடும். அதற்குப் பிறகு எதிரணி நண்பர்கள் தாராளமாகக் கேசினோ வீதிக்குப் போகட்டும், தடையே இல்லை. அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். கதவைச் சாத்துவது எங்கள் இடங்கள்தான் நடுவர் அவர்களே, அதனால் பகலை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.