எண்ணெய்க் கையால் ஒட்டிப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் திங்கள்கிழமை நீங்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, உண்மையிலேயே தொழில் நடத்துகிறவர்களுக்கு வடிவமைப்பு வேலை செய்து கொடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன் ஒரு மரச்செக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு அக்கா செக்கு ஓட்டுகிறார். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். பாட்டிலுக்கு லேபிள் வேண்டும் என்று கேட்டார். என் மாணவர்கள் ஒருமுறை போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்து, ஆறு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். பழுப்புக் காகிதம், ஓரத்தில் கோலம், கையால் எழுதிய எழுத்து. பார்க்க அவ்வளவு அழகு. நானே நல்ல மதிப்பெண் போட்டேன். அக்காவும் "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்று சொல்லி, டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து எண்ணெய் வாங்கப் போனேன். பாட்டில்களில் பழைய ஸ்டிக்கரே இருந்தது. எங்கள் லேபிள் கட்டு பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. கேட்டதற்கு முதலில் மழுப்பினார். அப்புறம் ஒரு லேபிளை உருவி, எண்ணெய்க் கையாலேயே பாட்டிலில் ஒட்டிக் காட்டினார். விரல் பட்ட இடமெல்லாம் காகிதம் ஊறிக் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் ஓரம் எழும்பிக்கொண்டது. "படிக்கிற பிள்ளைங்க ராத்திரி பகலா பண்ணியிருக்குதுங்க, எப்படிங்க குறை சொல்றது?" என்றார்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை. நம் ஊரில் வேலை கொடுக்கிற கிளையண்ட் உங்களிடம் குறை சொல்ல மாட்டார். பிள்ளைகள் மனசு நோகும் என்று நினைப்பார். அவர் பாராட்டினால் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைத்தோமே, அதுதான் தப்பு. அதில் பெரும்பங்கு என்னுடையது. பாதி வேலையில் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.

அதே குழுவைத் திரும்ப அனுப்பினேன். இந்தத் தடவை காலையிலிருந்து மாலைவரை செக்கடியிலேயே இருக்கச் சொன்னேன். குழுவில் அவ்வளவாக வரையத் தெரியாத ஒரு பெண் இருந்தாள். வீட்டில் மளிகைக் கடை. வருகிற ஆளெல்லாம் "எப்ப ஆட்டுனது?" என்று கேட்பதையும், அக்கா மூடியில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிக் கொடுப்பதையும் கவனித்தவள் அவள்தான். புதிய லேபிளில் தேதிக்குப் பெரிய வெள்ளைக் கட்டம் வந்தது அப்படித்தான். காகிதம் போய் எண்ணெய் ஊறாத பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வந்தது. முதல் லேபிளில் கோலத்துக்கு நடுவே எறும்பு மாதிரி ஒளிந்திருந்த 14 இலக்க உணவு உரிம எண், நிகர அளவு, சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் கண்ணில் படும் இடத்துக்கு வந்தன. சட்டப்படி இருக்க வேண்டியவை அவை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஏழைகளுக்கும் எட்டும் விலையில் பொருள்களை வடிவமைக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. 2007-இல் அதில் ஒரு மாணவர் குழுவுக்குக் கிடைத்த வேலை, குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரை மலிவாகச் செய்வது. குழுவில் ஒருவர் நேபாளத்துக்குப் போனார். மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்ததோ தூரத்துக் கிராமங்களில். உடனே வேலையே மாறியது. மின்சாரம் இல்லாத வீட்டிலும் தாய் பயன்படுத்தக்கூடிய ஒரு சின்னத் தூக்கப்பை செய்தார்கள். அதற்குள் வைக்கும் மெழுகுப் பையைச் சூடாக்கினால் சில மணி நேரத்துக்கு 37 டிகிரி நிற்கும். 'எம்பிரேஸ்' என்று பெயர்.

அதை இந்தியாவில் காட்டியபோது ஒரு கிராமத்துத் தாய் சொன்னது இன்னும் முக்கியம். ஆங்கில மருந்து வீரியமானது, அதனால் டாக்டர் சொன்னதில் பாதிதான் கொடுப்போம், அதே மாதிரி 37 வரை சூடாக்கச் சொன்னால் பயந்து 30-இலேயே நிறுத்திவிடுவேன் என்றார். குழு எண்களை எடுத்துவிட்டு, சூடு போதுமா போதாதா என்பதை மட்டும் காட்டும் அடையாளம் வைத்தது. எந்த ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

சரி, திங்கள்கிழமைக்கு வருவோம். முதல் நாள் மடிக்கணினி வேண்டாம், நோட்டு போதும். இரண்டாம் வாரமே சாதாரணத் தாளில் மூன்று மாதிரி அச்சடித்துக் கொண்டுபோங்கள். அழகாக அச்சடித்தால் அவர்களுக்குத் திருத்த மனசு வராது. "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். "இதை ஒட்டிக் காட்டுங்க அக்கா" என்று கேட்டுவிட்டு, அவர் கையைப் பாருங்கள். ஐந்து பேரும் போக வேண்டும், வரையத் தெரிந்தவர் மட்டும் போவது கூடாது.

பஸ் காலை ஆறு மணிக்கு. ஏழு மணிக்கெல்லாம் செக்கு ஓட ஆரம்பித்துவிடும்.