கால் நரம்பு சுருட்டலுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் இயன்முறை சிகிச்சை செய்துவருபவன் நான். சிகிச்சைக்கு வருபவர்கள், ‘சார், கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு, என்ன எண்ணெய் தடவலாம்?’ என்று கேட்பது வழக்கம். டாக்டர் சீட்டில் இதைத்தான் ‘வெரிகோஸ் வெயின்’ என்று எழுதியிருப்பார்கள். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து, வளைந்து நெளிந்து தெரியும். சாயங்காலம் ஆனால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும். ராத்திரியில் தசை பிடித்து இழுக்கும்.

எண்ணெயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், கால் ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம்.

காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பி ஏற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, உள்ளே இருக்கும், நாம் ‘நரம்பு’ என்று சொல்லும் ரத்தக் குழாய்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் கீழே இறங்காமல் இருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஃபுட் வால்வு பழுதானால் குழாயில் தண்ணீர் நிற்காமல் கிணற்றுக்கே இறங்கிவிடும் அல்லவா? காலிலும் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே தேங்கி, தோலுக்கு அடியில் இருக்கும் குழாய் புடைத்துக்கொள்கிறது. பரம்பரை, வயது, உடல் எடை, பிள்ளைப்பேறு எல்லாம் இதற்குக் காரணம். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் வேலை அதை இன்னும் மோசமாக்கும்.

நம் ஊர் வேலைகளையே பாருங்கள். அம்மாபேட்டையில் குழித்தறியில் உட்காரும் நெசவாளருக்கு மிதியை மாற்றி மாற்றி மிதிப்பதால் கால் ஓயாமல் அசைகிறது. இளம்பிள்ளை பக்கம் விசைத்தறி ஓட்டுபவரோ, நூல் அறுகிறதா என்று பார்த்தபடி ஷிப்ட் முழுக்க நின்றாக வேண்டும். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கும், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்பவருக்கும் இதே கதிதான். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மேடும் சரிவுமாக நடப்பது கெண்டைக்காலுக்கு நல்ல வேலை. ஆனால் அறுவடை நேரத்தில் அவர்களும் ஒரே செடியருகே வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

அதனால் நான் முதலில் சொல்லும் வைத்தியம், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்குவது. எதையாவது பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். அரை மணிக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து தடவை செய்தால் போதும். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். வேலையை விட்டு நகரவே வேண்டியதில்லை. முதலாளிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வேலையாட்கள் உட்கார ஸ்டூல் போடுங்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பாயில் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் சாய்த்தோ, தலையணைகளை அடுக்கி அதன்மேல் வைத்தோ, இதய மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கால் மணி நேரம் வையுங்கள். முடிந்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டினால் பலன் குறைவு. கட்டிலில் தூங்குபவர்கள் கால்மாட்டுப் பக்கம் ஆறு அங்குல உயரத்துக்குச் செங்கல் கொடுக்கலாம்.

அழுத்தம் தரும் ஸ்டாக்கிங்ஸும் பலருக்கு உதவும். ஆனால் கண்டதை வாங்கி மாட்டாதீர்கள். டாக்டரிடம் காட்டி, வீக்கம் இல்லாத காலை நேரத்தில் அளவெடுத்து வாங்க வேண்டும். படுக்கையை விட்டு எழும்முன் போட்டு, ராத்திரி கழற்றிவிட வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் கஷ்டம்தான், தெரியும். வேலை நேரத்தில் மட்டுமாவது போடுங்கள். சர்க்கரை நோயாளிகளும், பீடி சிகரெட் குடிப்பவர்களும், கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறவர்களும் கேட்காமல் போடவே கூடாது. அவர்களுக்குக் காலுக்கு ரத்தம் இறங்கும் குழாயிலேயே அடைப்பு இருக்கலாம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். விளக்கெண்ணெயோ, பூண்டு காய்ச்சிய எண்ணெயோ, வினிகரோ, கெட்டுப்போன வால்வைச் சரிசெய்யாது. காய்ந்து அரிக்கும் தோலுக்குத் தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவுங்கள், நல்லது. புடைத்த இடத்தை அழுத்தித் தேய்க்கவோ நீவிவிடவோ வேண்டாம். நொச்சித் தழை போட்ட வெந்நீரில் காலை வைத்தால் இதமாக இருக்கும், ஆனால் சூட்டில் குழாய் இன்னும் விரியும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாமல் வெந்தும் போகும். வல்லாரைக் கீரையைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம், அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மலச்சிக்கலில் முக்குவதும் கால் குழாய்களுக்குச் சுமைதான் என்பதால், கீரையும் ராகியும் பயறும் அந்த வகையில் உதவும். கர்ப்பிணிகள் பயப்பட வேண்டாம், பிரசவமாகிச் சில மாதங்களில் பலருக்கும் இது குறைந்துவிடும்.

கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்துத் தடித்தாலோ, புண் வந்து ஆறாமல் இருந்தாலோ, மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போய் குழாயில் ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஊசி, லேசர், அறுவை என்று இன்று பல வழிகள் இருக்கின்றன.

ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அந்தக் காலை யாரும் தேய்த்துவிடக் கூடாது. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். புடைத்த குழாய் அடிபட்டு ரத்தம் பீய்ச்சினால் பதறி நடக்காதீர்கள். அப்படியே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு துணியைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.